அக்காவுக்குக் காட்டிய சனி

என் அக்கா சனிக் கிரகத்தை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. பக்கவாட்டில்தான் பார்த்தாள். கோயிலில் சனீஸ்வரனுக்கு முன்னால் நேராக நிற்கக் கூடாது, ஓரமாக நின்றுதான் கும்பிட வேண்டும் என்பார்கள். அதே மரியாதையை அவள் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் எட்டாவது மாடி நடைபாதையிலும் கொடுத்தாள். உடம்பைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி, ஒரு கண்ணைச் சுருக்கி, கோழி பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"அக்கா, அது நூத்தி முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ஒன்ன அதுக்கு அடையாளமே தெரியாது."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. வாய மூடு."

"ஒரே ஒரு வாட்டி நேரா பாரேன்."

"நீ பாரு. ஒனக்குத்தான் கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லியே."

நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். திரையில் ஒரு வளையம் போட்ட சின்ன உருண்டை. திரைக்கு வெளியே, கடலுக்கு மேலே, பினாங்குப் பாலத்து விளக்குகளை விட உயரத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி. மினுக்காமல் நின்றது. மினுக்கினால் நட்சத்திரம், மினுக்காவிட்டால் கிரகம். எனக்குத் தெரிந்த வானசாஸ்திரம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கைப்பேசியில் போட்டிருந்த கிரகம் காட்டும் ஆப் சொல்லும், நான் சொன்னது போலப் பேசிக்கொள்வேன்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நடைபாதைக் கம்பியில் சாய்ந்தாள். வீட்டுக் கதவிலிருந்து அந்தக் கம்பி பத்து அடிகூட இருக்காது. அந்தப் பத்து அடிக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவளுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப் போயிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ரத்தம் போன பிறகு கதவு சரியாக மூட வேண்டும், இவளுக்கு மூடவில்லை, போன ரத்தம் திரும்பி வருகிறது. நெஞ்சைத் திறந்து புது வால்வு வைக்க வேண்டும். ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள் என்றார். நான் ஜூருவில் காடிக் கண்ணாடிகளுக்கு, அதாவது கார்க் கண்ணாடிகளுக்கு, டின்ட் பிலிம் ஒட்டும் கடையில் வேலை செய்கிறவன். "கதவு லூசுன்னா ரப்பர மாத்தினா போதுமே டாக்டர்" என்றேன். டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் டைம் குடுங்க டாக்டர்" என்றாள்.

எதற்கு டைம் என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்கா மகர ராசி. ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனி தனுசில் இருந்தபோது ஆரம்பித்து, மகரத்தில் உட்கார்ந்து, கும்பத்துக்கு நகர்ந்து, கும்பத்தையும் விட்டு மீனத்துக்குப் போனால்தான் இவளை விட்டதாகக் கணக்கு. அந்த ஏழரை வருடத்தில் அப்பா போய்விட்டார். மாமா, அதாவது அவள் புருஷன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். பிறகு இந்த வால்வு. எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இந்த ஏழரை முடியட்டும்." முடி வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டால்கூட அதுதான். அந்த நேரத்தில் நெஞ்சைத் திறக்க அவள் எப்படி ஒத்துக்கொள்வாள்?

சிக்கல் என்னவென்றால், ஏழரை முடிந்துவிட்டதா இல்லையா என்பதிலேயே சண்டை. எங்கள் வீட்டில் ஒரே ஆணியில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கின. மளிகைக் கடையில் கொடுத்தது ஒன்று, கோயிலில் வாங்கியது ஒன்று. ஒரு பஞ்சாங்கப்படி சனி போன பங்குனியிலேயே மீனத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பஞ்சாங்கப்படி வருகிற மாசியில்தான் போகும். நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம். அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றைப் பார்ப்பாள், திரும்பி வந்து மற்றதைப் பார்ப்பாள். முன்னால் இருப்பதைத் தூக்கிப் பின்னால் போடுவாள். அடுத்த நாள் மறுபடி மாற்றிப் போடுவாள்.

"ஏன்க்கா, ரெண்டு பேருக்கும் நடுவுல சனிய நிக்க வெச்சு வெசாரிக்க வேண்டியதுதானே" என்று நான்தான் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் நான்தான் ஆரம்பித்தேன்.

அந்த ஆப்பைக் கடையில் கூட வேலை செய்யும் ஓர் அண்ணன் போட்டுக் கொடுத்திருந்தார். வானத்தைப் பார்த்துக் கைப்பேசியைப் பிடித்தால் எது எந்தக் கிரகம் என்று காட்டும். எனக்கு அது ஆட்களை ஏமாற்றத்தான் பயன்பட்டது. பாயான் லெப்பாசில் இறங்கும் விமானத்தைக் காட்டி வெள்ளி என்பேன். எதிர்வீட்டுப் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு நாள் அக்காவுக்குச் செவ்வாயைக் காட்டினேன். திரையில் அது காட்டிய இடத்தில் உண்மையிலேயே சிவப்பாக ஒன்று எரிந்தது. அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, என்னவோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டாள். எனக்கும் அது செவ்வாய் என்றுதான் நினைப்பு. அது கொம்தார் கட்டடத்து உச்சியில் எரிகிற விளக்கு. மோட்டார் சைக்கிளில் கைப்பேசியை ஒட்டி வைக்க நான் கவருக்குள்ளே ஒரு காந்தத் தகடு வைத்திருந்தேன். அதுதான் திசையைக் குழப்பிவிட்டிருந்தது.

உண்மை தெரிந்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். "அக்கா, கொம்தார்கிட்ட என்னக்கா வேண்டிக்கிட்ட? லிப்ட் வேகமா வரணும்னா?"

அவள் ஒரு ஈரத் துண்டை எடுத்து என் முதுகில் விளாசினாள். ஹோட்டல் சலவைப் பகுதியில் பதினோரு வருடமாகத் துண்டுகளோடு வாழ்கிறவள். அவள் அடித்தால் குறி தப்பாது. "இனிமே நீ எதக் காட்டினாலும் நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

அப்படிச் சொன்னவள்தான் இரண்டு நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"டேய், அதுல சனி எங்க இருக்குன்னு போடுமா?"

நான் காந்தத்தைக் கழற்றிவிட்டுத் தேடினேன். ஜூன் மாதம் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்குச் சனி உதிக்கவில்லை. ஆனால் ஆப்புக்குத் தரை ஒரு தடையில்லை, பூமிக்குக் கீழே இருந்தாலும் காட்டும். அம்புக்குறி போகச் சொன்ன பக்கமெல்லாம் போய்க் கடைசியில் கைப்பேசி சமையலறைத் தரையைப் பார்த்து நின்றது.

"அக்கா, சனி கீழ்வீட்டுல இருக்கு. அந்த அங்கிள் வாடக வாங்குறாரா தெரியல."

"வெளையாடாத. எந்த ராசின்னு பாரு."

விரலால் தொட்டேன். சனியைச் சுற்றிக் கோடு போட்ட படம் விரிந்தது. இரண்டு மீன்கள். அக்கா கையைக் கழுவாமலேயே எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை பக்கவாட்டில் இல்லை, படம்தானே, நேராகவே பார்த்தாள்.

"மீனமா?"

"மீனுதான். கருவாடு இல்ல."

அவள் சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. சோற்றுக் கையோடு அங்கேயே குந்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். ஏழரை வருடம் முதுகில் உட்கார்ந்திருந்த ஒருவன் இறங்கிப் போய்விட்டான், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். தண்ணீர் மோந்து கொடுத்தேன்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். சோதனைகள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தீபாவளிக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன் என்று நாள் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று நாலு மாதம் அவள் நன்றாக இருந்தாள். உடம்பு அப்படியேதான் இருந்தது, மாடிப்படியில் நின்று நின்றுதான் ஏறுவாள். ஆனால் பேச்சு மாறிவிட்டது. அடுத்த டுரியான் பழ சீசனுக்கு என்னை மோட்டாரில் பாலிக் புலாவுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். மோட்டார் லைசென்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னாள். "ஒன் பின்னாடி ஒக்காந்தா எனக்கு வால்வு ரெண்டா போயிடும்" என்றாள். முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டாள். செப்டம்பரில் சனி சாயங்காலமே கிழக்கே ஏறத் தொடங்கியது. அப்போதுதான் அவளை நடைபாதைக்கு அழைத்துப் போய் அந்த மஞ்சள் புள்ளியைக் காட்டினேன். அதன் பிறகு மழையில்லாத நாட்களில் அவளே என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும், "வாடா, எங்கே இருக்காருன்னு பாப்போம்" என்பாள். வழியனுப்பி வைத்த விருந்தாளி பஸ் ஏறிவிட்டானா என்று பார்க்கிற மாதிரி.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. அன்று மழை பெய்து விட்டிருந்தது. மேகம் நடுவில் கிழிந்து, அந்தக் கிழிசலில் சனி தெரிந்தது. அக்கா உள்ளே முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் மட்டும் நடைபாதையில் நின்று, சும்மா பொழுது போகாமல் விரலால் தொட்டேன். இரண்டு மீன் வரவில்லை. குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றுகிற ஒரு ஆள் வந்தான். கும்பம்.

காந்தம் இருக்கிறதா என்று கவரைக் கழற்றிப் பார்த்தேன். இல்லை. ஆப்பை மூடித் திறந்தேன். கும்பம்தான்.

இந்த இடத்தில் நான் கைப்பேசியைப் பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். பொய் சொல்ல வராதவன் இல்லை நான். கடையில் மட்டமான பிலிமை நல்ல பிலிம் என்று சொல்லி ஒட்டுகிறவன். இறங்குகிற விமானத்தை வெள்ளியாக்கியவன். ஆனால் அந்தச் செய்தி எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக ஒன்று கிடைத்தால் அதை அக்காவிடம் கொண்டு போய்க் கொட்டுவதுதான் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

"அக்காவ்! ஒன் ஆளு திரும்பி வந்துட்டாரு!"

"யாரு?"

"சனி. கும்பத்துக்கே வந்து நிக்கிறாரு. டூத் பிரஷ்ஷ மறந்துட்டாராம், எடுத்துட்டுப் போறேன்னு சொல்றாரு."

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகு மாவுக் கையோடு வெளியே வந்தாள். "எங்க, காட்டு" என்றாள். காட்டினேன். குடத்தையும் ஆளையும் பார்த்தாள். தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை.

"வக்கிரம் ஆயிடுச்சா?" என்றாள் மெதுவாக. கிரகம் பின்னால் நடப்பதற்கு ஜோசியர்கள் சொல்கிற பெயர் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"என்னா வக்கிரமோ, எனக்கென்னா தெரியும்."

அவள் உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய நாள்காட்டிகளில், மாசியில்தான் பெயர்ச்சி என்று சொன்னதை எடுத்து முன்னால் போட்டாள். பிறகு போய் மாவைப் பிசைந்தாள். முறுக்கு சுட்டாள். நான் நாலு தின்றேன்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் பேசுவது கேட்டது. மலாயில் மிஸ்ஸியிடம் பேசினாள். அங்கே நர்ஸுகளை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் ஒரு விசேஷம், இப்போது வர முடியாது, மார்ச் மாதத்தில் நாள் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அந்த மிஸ்ஸி நல்ல மாதிரி போல, டாக்டரிடம் பேசுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா "யா, யா, தெரிமா காசே" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வாயில் நுரையோடு வெளியே வந்தேன்.

"அக்கா, என்னக்கா இது? நான் சும்மா வெளையாடினேன்."

"தெரியும்."

"அப்பறம்?"

"நீ வெளையாடுவ. போன் வெளையாடுமாடா?"

நான் சொன்ன நூறு பொய்யில் ஒன்றைக்கூட அவள் நம்பியதில்லை. அந்த ஒரு தடவை நான் பொய் சொல்லவில்லை.

"டாக்டர் தள்ளிப் போடாதன்னு சொன்னாரு."

"டாக்டரா ஏழர வருசம் பட்டாரு? நாந்தானே பட்டேன். அஞ்சு மாசம். அஞ்சே மாசம்டா. ஏழர வருசம் இருந்தவ அஞ்சு மாசம் இருக்க மாட்டேனா?"

அதற்கு மேல் நான் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை கெஞ்சி. கோபமாகப் பேசியபோது அவள், "சரி, நீயே சொல்லு, சனி கும்பத்துலதான இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கெஞ்சியபோது, தீபாவளிக்கு எனக்கு வாங்கிய சட்டையைக் காட்டிப் பேச்சை மாற்றினாள். மூன்றாவது தடவை நான் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று இங்கே எழுத வேண்டும். எனக்கும் பயம். அவள் நெஞ்சை அறுத்துத் திறப்பார்கள். கடையில் கத்தியால் பிலிமை வெட்டும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். அவள் போனை வைத்த அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம். தள்ளிப் போனதில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

மார்கழி பிறந்து நாலாம் நாள், மத்தியானம். ஹோட்டலில் காலைத் துணி எல்லாம் வந்து முடிந்த நேரம். அக்கா காய்ந்த துண்டுக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தாளாம். கூட வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, தூங்கட்டும் என்று விட்டுவிட்டு அவளுடைய பங்கையும் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாராம். அரை மணி நேரம் கழித்து எழுப்பிப் பார்த்தார். எனக்குப் போன் செய்தது அவர்தான். நான் அப்போது ஒரு காடியின் பின் கண்ணாடியில் பிலிமைப் பாதி ஒட்டியிருந்தேன். மீதிப் பாதியைக் கடை அண்ணன் ஒட்டினாராம். அதில் ஒரு குமிழ்கூட இல்லை என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார், என்ன சொல்வதென்று தெரியாமல்.

அம்மாவும் என் பெரிய அண்ணனும் நிபோங் திபால் பக்கம் பைராம் என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். அக்காவைக் கிடத்தியிருந்த வீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஒரே பேச்சு.

"மகர ராசி இல்ல? ஏழர. போறப்ப கொண்டு போயிட்டான் பாரு."

"போறப்பதான் மோசமா தாக்குமாம்."

"என்னா பண்றது, சனி யார விட்டுச்சு."

எல்லாரும் சனியைத் திட்டினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, பாவி சனியனே என்று அழுதாள். ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. ஒரு சித்தி மட்டும் என் தலையைத் தடவி, "கூட இருந்தவன், பாவம்" என்றார். நான் அந்தப் புது தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கைக்குக் கிடைத்தது அதுதான். நூற்று முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் வந்து மறுக்கப் போவதில்லை. பழியை அவன் தலையில் இருக்கவிட்டேன்.

கருமாதி முடிந்து அவர்களெல்லாம் போன பிறகு, வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த ஆப் ஏன் அப்படிக் காட்டியது என்று யூடியூப்பில் தேடினேன். ஒருத்தர் தமிழில் நிதானமாக விளக்கினார். ஜோசியக்காரர்கள் வானத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஆப்பில் இருக்கும் கோடு விஞ்ஞானிகள் போட்டது, அதில் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டுக்கும் எல்லை வேறு. சனி சில மாதம் பின்னால் நடந்தது உண்மைதான், ஆனால் அது தாண்டியது விஞ்ஞானிகளின் கோட்டை மட்டும்தான். ஒரு பஞ்சாங்கப்படி அது மீனத்தை விட்டு வரவே இல்லை. இன்னொன்றின்படி கும்பத்தை விட்டுப் போகவே இல்லை. எந்தக் கணக்கிலும் அது திரும்பி வரவில்லை. நான் ஜூனில் காட்டிய மீனுக்கும் அர்த்தமில்லை, அக்டோபரில் காட்டிய குடத்துக்கும் அர்த்தமில்லை. பள்ளியைப் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு விட்டவன் ஒரு படத்தைக் காட்டி அக்காவுக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வீடியோ பதினாலு நிமிடம். முன்பே பார்த்திருக்கலாம்.

ஜனவரி கடைசியில் பைராமுக்குப் போனேன். எங்கள் வீட்டில் அந்த வருடம் பொங்கல் இல்லை. அண்ணன் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. எட்டு எட்டரை மணி இருக்கும். அம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செம்பனை மரங்களுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. தோட்டத்தில் விளக்குகள் குறைவு, ஜெலுத்தோங்கில் தெரியாததெல்லாம் இங்கே தெரியும். கிழக்கே வியாழன் பெரிதாக நின்றது. மேற்கே, மரத்து மட்டைகளுக்குச் சற்று மேலே, சனி.

நான் கைப்பேசியை எடுக்கவில்லை. எடுக்காமலே எனக்குத் தெரிந்தது.

அம்மா அன்றைக்கும் அந்த ஹோட்டலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பத்து நாளு லீவு குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும். கட்டைல போறவனுங்க."

"லீவா? யாரும்மா சொன்னா?"

"அவதான் சொன்னா. லீவு கெடைக்கல, அதான் ஆப்பரேசன தள்ளி வெச்சிருக்காங்கன்னு. தீபாவளிக்கு போன்ல சொன்னா."

அக்கா அம்மாவிடம் சனியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு யார் சொன்னது என்று அம்மா கேட்பாள். என் பெயரைச் சொல்ல வேண்டி வரும். அதற்காக ஹோட்டல்மேல் ஒரு பொய்யைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சொன்னேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மீன், குடம், டூத் பிரஷ், மிஸ்ஸி பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில், பழக்க தோஷம், சிரிப்பு வருகிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக நின்றது.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"ஒங்க அண்ணன்கிட்ட சொல்லாத."

"சரிம்மா."

"அவன் ஒன்ன வீட்டுக்குள்ள விடமாட்டான்."

"சரிம்மா."

அண்ணன் மோட்டாரில் வந்து இறங்கினார். "எப்படா வந்த?" என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அம்மா எழுந்து அவருக்குச் சோறு போட்டாள். நான் வாசலிலேயே இருந்தேன். தட்டுச் சத்தம் கேட்டது, ஒரு தட்டுதான். நான் எப்போது போனாலும், கேட்டைத் திறக்கும் முன்பே "சாப்டியா" என்று கேட்கிற அம்மா அவள். வயிறு நிறைய இருக்கிறது என்று சொன்னாலும் கேட்காமல் போடுவாள். இப்போது அழைப்பாள், இப்போது அழைப்பாள் என்று காத்திருந்தேன். அண்ணன் கை கழுவும் சத்தமும் கேட்டது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மழ வர்ற மாதிரி இருக்கு. கெளம்பு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே வைத்து ஸ்டார்ட் செய்தேன்.